மாம்பலகையை இழைக்கும்போது நார் பெயர்வது ஏன்?

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டினம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: தோட்டத்தில் பட்டுப்போன மாமரத்தை ஒன்றேகால் அங்குலப் பலகைகளாக அறுத்து, கொட்டகையில் 14 மாதம் உலரவைத்து, இப்போது திண்ணைப் பலகை ஒன்று செய்யத் தொடங்கியிருக்கிறேன். இழைப்புளி ஓரிடத்தில் வழுவழுப்பாகச் சீவுகிறது. ஒரு சாண் தள்ளி நாரைப் பிய்த்துக் குழியாக்கிவிடுகிறது. விலை கூடிய இழைப்புளி வாங்க வேண்டுமா, அல்லது மின்சார இழைப்பு எந்திரத்துக்கு மாறிவிடலாமா?

இரண்டும் வேண்டாம். மாமரத்தின் நார் பெரும்பாலும் ஒரே திசையில் ஓடாமல் பட்டை பட்டையாகத் திசை மாறி ஓடுவதால், நீங்கள் எந்தப் பக்கமிருந்து தள்ளினாலும் பலகையின் ஏதோ ஒரு பகுதியில் எதிர்நாராகத்தான் இழைக்கிறீர்கள். எதிர்நாரில் பிளேடு ஆப்புபோல வேலை செய்கிறது: வெட்டுமுனைக்கு முன்னதாகவே பிளவு ஓடி, மரத்துக்குள் இறங்கி, சிம்பாகப் பெயர்த்துவிடுகிறது. மின்சார எந்திரமும் எதிர்நாரில் இதே குழியைத்தான் பறிக்கும், இன்னும் வேகமாக.

பிளேட்டின் மேல் திருகால் இறுக்கப்பட்டிருக்கும் மேல்தகடுதான் இதற்கு மருந்து. கடையிலிருந்து வந்த நிலையில் அது வெட்டுமுனைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் பின்னால் இருக்கும். அதை அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக, முனையில் மயிரிழை அளவே வெளிச்சம் மின்னும்படி நெருக்கி வையுங்கள். அப்போது சீவல் எழும்பிய உடனே மடங்கிவிடுவதால் பிளவு முன்னோக்கி ஓட வழியில்லை. வழக்கமாகச் சுருண்டு விழும் சீவல், சரியாக நெருக்கியபின் நாடாபோல நேராக நிமிர்ந்து வெளியே வரும். தகட்டுக்கும் பிளேட்டுக்கும் இடையே இம்மி சந்து இருந்தாலும் சீவல் அங்கே சிக்கி அடைத்துக்கொள்ளும். ஆகவே தகட்டின் அடிவிளிம்பைக் கல்லில் தேய்த்துச் சமப்படுத்திய பிறகே இறுக்க வேண்டும்.

ஆனால் பிளேடு மழுங்கியிருந்தால் இவையெல்லாம் வீண். 25 பாகையில் சாணை பிடித்த பிளேட்டை 1000 எண் கல்லில் 30 பாகைச் சரிவில், முதுகுப்பக்கம் முழு அகலத்துக்கும் மெல்லிய பிசிறு விரலில் தட்டுப்படும் வரை தீட்டி, பிறகு முதுகைக் கல்லில் படுக்கவைத்துப் பிசிறை எடுங்கள். விளக்கடியில் முனையை நேராகப் பாருங்கள். வெள்ளைக் கோடு தெரிந்தால் கூர் இன்னும் வரவில்லை.

இழைப்புளியின் அடிப்பரப்பு கோணலாக இருந்தால் கிருஷ்ணகிரிக்காரருக்கு வழி எளிது. கிரானைட் பட்டறையில் ஒதுக்கிப்போட்ட பாலிஷ் துண்டு ஒன்றை எடுத்து, இரும்பு ஸ்கேலை வைத்துச் சமம் பார்த்து, 120 எண் உப்புத்தாளை அதன்மேல் படியவைத்துத் தேயுங்கள். பிளேடு உள்ளே இழுக்கப்பட்டு, ஆனால் வழக்கம்போல் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். கழற்றிவிட்டுத் தேய்த்தால் பிறகு இறுக்கும்போது உடல் வேறு வடிவம் கொள்ளும்.

இத்தனைக்குப் பிறகும் முடிச்சைச் சுற்றி நார் பெயர்ந்தால், அங்கே இழைப்புளியை விட்டுவிட்டுச் சுரண்டும் தகட்டை எடுங்கள். கண்ணாடிச் சில்லால் சுரண்டும் பழைய வழக்கமும் நன்றாகவே வேலை செய்யும். எனினும் கை பத்திரம். மாமரத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பு உண்டாக்கும் என்பதால், சுரண்டும்போது முழுக்கைச் சட்டை நல்லது.

கடைசியாக, 14 மாதம் என்பதை மட்டும் நம்பாதீர்கள். ஒரு பலகையை மாதம் ஒருமுறை தராசில் நிறுத்துக் குறித்துவாருங்கள். எடை குறைவது நின்றிருந்தால் உலர்ந்துவிட்டது. பலகையில் ஊசித்துளைகளும் அவற்றினடியில் மாவுபோன்ற தூளும் தென்பட்டால் பூச்சி உள்ளே உயிரோடு இருக்கக்கூடும். அந்தப் பலகையைத் திண்ணைக்குச் சேர்க்க வேண்டாம்.