உருவத்தைப் பார்த்து ரைபிளுக்குத் தடை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்க 'அசால்ட் வெப்பன்' (ராணுவ பாணித் துப்பாக்கி) தடை பற்றி எழுதியதற்கு வந்த கேள்விகளில் அடிக்கடி வந்தவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன். கட்சிச் சண்டைக்குக் கூப்பிட்டவர்கள் மன்னிக்கவும்.

கே: ஏஆர்-15 ரைபிள் கருப்பாக, மிலிட்டரி துப்பாக்கி மாதிரி இருக்கிறது என்பதற்காகத்தான் தடை போட்டார்களா?

நிறம் சட்டத்தில் எங்கேயும் இல்லை, ஆனால் நீங்கள் கேட்பதில் பாதி நியாயம் இருக்கிறது. 1994 செப்டம்பரில் அப்போதைய அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம் (10 வருடம் ஓடி 2004-ல் தானாகவே காலாவதியாகிவிட்டது) சில மாடல்களைப் பெயர் சொல்லித் தடை செய்தது. அப்புறம் ஒரு பட்டியல். கழற்றி மாட்டும் மேகசின் (தோட்டாப் பெட்டி) உள்ள செமி ஆட்டோமேட்டிக் (விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு பாயும், அடுத்த தோட்டா தானாக ஏறும்) ரைபிளில் மடக்கும் அல்லது உள்ளே தள்ளும் தோள்கட்டை, கீழே துருத்தி நிற்கும் பிஸ்டல் பிடி, பயோனெட் (துப்பாக்கி முனைக் கத்தி) மாட்டும் கொக்கி, ஃபிளாஷ் சப்ரஸர் (சுடும்போது குழல் முனையில் வரும் தீயொளியைக் குறைப்பது) அல்லது அதை மாட்டத் திருகு வெட்டிய குழல், கிரனேட் லாஞ்சர் (கையெறி குண்டு ஏவும் கருவி) என்ற ஐந்தில் ஏதாவது இரண்டு இருந்தால் தடை, ஒன்றோடு நின்றால் தாராளமாக விற்கலாம். கம்பெனிக்காரர்கள் என்ன செய்வார்கள்? கொக்கியை அறுத்தார்கள், குழல் முனையைச் சாதாரணமாக விட்டார்கள், கட்டையை அசையாமல் ஆணியடித்தார்கள், பிஸ்டல் பிடியை மட்டும் வைத்துக்கொண்டு வேறு பெயரில் கடைக்கு அனுப்பினார்கள். தோட்டா அதேதான், சுடும் வேகமும் அதேதான்.

இன்னொரு பக்கம் ரூகர் மினி-14 என்ற ரைபிள். ஏஆர்-15 போடும் அதே .223 (விட்டம், அங்குலத்தில்) தோட்டா, அதே செமி ஆட்டோமேட்டிக், அதே கழற்றும் மேகசின். ஆனால் மரக்கட்டை போட்டு, பண்ணை வீட்டுத் துப்பாக்கி போலச் சாதுவாக இருக்கும். சட்டத்தின் விதிவிலக்குப் பட்டியலில் அதற்குப் பெயர் சொல்லியே இடம் கொடுத்தார்கள், மடக்கும் கட்டை போட்ட மாடலுக்கு மட்டும் இல்லை.

கே: அப்படியானால் அந்த ஐந்தும் வெறும் அலங்காரமா?

இல்லை, இதைத்தான் துப்பாக்கி ஆதரவாளர்கள் மிகைப்படுத்துகிறார்கள். மடக்கும் கட்டை இருந்தால் கோட்டுக்குள் மறைப்பது சுலபம், ஃபிளாஷ் சப்ரஸர் இருந்தால் இருட்டில் சுடுபவரின் கண் கூசாது, பிஸ்டல் பிடி இருந்தால் வேகமாகச் சுடும்போது துப்பாக்கி கைக்குள் நிற்கும். பயோனெட் கொக்கிக்கு மட்டும் நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

ஆனால் ஒரே ஆள் நிறையப் பேரைக் கொல்ல முடிவதற்குக் காரணம் மேகசின். அதே 1994 சட்டம் 10 தோட்டாவுக்கு மேல் பிடிக்கும் புது மேகசின்களையும் தடுத்தது, என்னைக் கேட்டால் அந்தச் சட்டத்தில் உருப்படியான பகுதி அதுதான். அதையும் ஓட்டையாக்கியது பழைய சரக்கு. தடைக்கு முன் செய்த மேகசின்களை விற்கலாம், வாங்கலாம் என்று விட்டுவிட்டார்கள், அவை கோடிக்கணக்கில் சந்தையில் இருந்தன.

கே: கலிஃபோர்னியாவில் துப்பாக்கிப் பிடியில் மீன் துடுப்பு மாதிரி ஒரு தகடு பார்த்தேன். எதற்கு அது?

சட்டத்துக்காக! 1989 ஜனவரியில் ஸ்டாக்டன் நகரத் தொடக்கப்பள்ளியில் ஒருவன் ஏகே வகை ரைபிளால் சுட்டு ஐந்து குழந்தைகளைக் கொன்றான், எல்லாரும் கம்போடிய, வியட்நாமிய அகதிக் குடும்பத்துப் பிள்ளைகள். அந்த வருடமே மாநிலம் மாடல் பெயர்களைப் பட்டியல் போட்டுத் தடை செய்தது. பெயரை மாற்றி விற்றார்கள். 2000-லிருந்து, கழற்றும் மேகசினோடு ஒரே ஒரு அம்சம் இருந்தாலும் தடை என்று இறுக்கினார்கள். ஆனால் கருவி இல்லாமல் கழற்ற முடியாத மேகசின் 'கழற்றும் மேகசின்' கணக்கில் வராது, தோட்டாவும் ஒரு கருவிதான் என்று விதியிலேயே எழுதிவைத்தார்கள். வந்தது 'புல்லட் பட்டன்'. மேகசினை விடுவிக்கும் பொத்தானைக் குழிக்குள் பதித்துவிடுவார்கள், விரல் எட்டாது, ஒரு தோட்டாவின் கூர்முனையை உள்ளே விட்டுக் குத்தினால் மேகசின் கழன்று விழும். 2016-ல் சட்டம் போட்டு அதையும் மூடினார்கள். இப்போது துடுப்பு. பிடிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தத் தகட்டால் கட்டைவிரலைச் சுற்றிப் பிடிக்க முடியாது, சுற்றிப் பிடிக்க முடியாவிட்டால் சட்டப்படி அது பிஸ்டல் பிடி இல்லை. பார்க்க அவலட்சணமாக இருக்கும், விற்பனை என்னவோ நடக்கிறது.

கே: உள்ளே சாதாரண .22 (சின்னத் தோட்டா), வெளியே ராணுவத் துப்பாக்கி வேஷம். அதற்கும் தடையா?

நாட்டைப் பொறுத்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் ஆம். இயந்திரத் துப்பாக்கி போன்ற தடை ஆயுதங்களின் தோற்றத்தைப் பெருமளவு ஒத்திருந்தால், தோட்டா எந்த அளவானாலும், எந்த முறையில் இயங்கினாலும் தடை என்று சட்ட அட்டவணையே சொல்கிறது. ஒவ்வொரு குண்டுக்கும் கையால் போல்ட்டை இழுத்துவிட வேண்டிய துப்பாக்கியும் இதில் மாட்டலாம். 'பெருமளவு ஒத்திருப்பது' யார் கண்ணுக்கு என்பதுதான் அங்கே ஓயாத வழக்கு.

ஜெர்மனியில் இதையே மில்லிமீட்டரில் அளக்கிறார்கள். போர் ஆயுதம் போலத் தோன்றும் செமி ஆட்டோமேட்டிக் ரைபிளின் குழல் 42 செ.மீ.க்குக் குறைவாக இருந்தாலோ, மேகசின் விசைக்குப் பின்னால் இருந்தாலோ, தோட்டா உறையின் நீளம் 40 மி.மீ.க்குக் குறைந்தாலோ விளையாட்டுச் சுடுதலுக்கு ஆகாது. ஏகே-47 தோட்டாவின் பெயர் 7.62×39. அந்த 39 உறையின் நீளம். கணக்குப் போட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள்!

கே: உருவத்தை விட்டுவிட்டு இயங்குமுறையைத் தடை செய்த நாடு உண்டா?

நியூஸிலாந்தைப் பாருங்கள். அங்கே 2019 வரை 'ராணுவ பாணி செமி ஆட்டோமேட்டிக்' என்று ஒரு தனி வகை இருந்தது. மடக்கும் கட்டை, பயோனெட் கொக்கி, பெரிய மேகசின் மாதிரி ஏதாவது இருந்தால்தான் ரைபிள் அந்த வகைக்குப் போகும், அதற்குத் தனி அனுமதி வேண்டும். சிறிய மேகசினோடு வாங்கினால் சாதாரண லைசென்ஸே போதும், பெரிய மேகசினைத் தனியாக வாங்க எந்த அனுமதியும் கேட்கவில்லை. அதாவது கடையில் இரண்டு தனித்தனிச் சட்டபூர்வமான பொருள்கள், வீட்டில் மாட்டினால் தனி அனுமதி தேவைப்படும் ஆயுதம். 2019 மார்ச் 15-ல் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேரைக் கொன்றவன் சாதாரண லைசென்ஸ் வைத்திருந்தவன்தான். ஒரு மாதத்துக்குள் நாடாளுமன்றம் சட்டத்தை மாற்றி, சிறிய .22 போன்ற சில விதிவிலக்குகள் தவிர, செமி ஆட்டோமேட்டிக்குகளைப் பெரும்பாலும் மொத்தமாகத் தடை செய்தது. கொக்கியையும் கட்டையையும் எண்ணும் வேலை அதோடு தேவையில்லாமல் போனது.

கே: இந்தியாவில்?

நம் ஆயுத விதிகள் குழல் அளவையும் இயங்குமுறையையும்தான் பார்க்கின்றன. செமி ஆட்டோமேட்டிக் ரைபிள் எந்த உருவத்தில் இருந்தாலும் தடை வகை. ராணுவத் தோட்டா என்பதால் .303-ம் தடை, ஆனால் மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையின் .315 ரைபிளை உரிமம் இருந்தால் வாங்கலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி போல இருக்கும், சட்டத்துக்கு அது பொருட்டே இல்லை.