மூன்று கூட்டல் மூன்று: பிசிகல் தெரபி சீட்டை முன்கூட்டியே பிடிக்கலாமா?

அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தமிழ்ப் பெற்றோரிடமிருந்து கொஞ்ச நாளாகவே பிசிகல் தெரபி (நம் ஊரில் பிசியோதெரபி) பற்றிய கேள்விகள் அதிகம் வருகின்றன. அதிலும் “முன்கூட்டியே சீட் கிடைக்குமாமே” என்ற கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, சுருக்கிப் பதில் சொல்கிறேன்.

மகள் பதினோராம் வகுப்பு. பிசிகல் தெரபிஸ்ட் ஆக ஏழு வருடம் என்கிறார்கள் சிலர், ஆறே வருடம் என்கிறார்கள் சிலர். எது சரி? (எடிசன், நியூ ஜெர்சி)

இரண்டும் சரிதான் அம்மா. முன்பு இந்தத் தொழிலுக்கு இளங்கலை போதும் என்றிருந்தது, பிறகு முதுகலை ஆனது. 1993-ல் நெப்ராஸ்காவின் கிரெய்ட்டன் பல்கலைக்கழகம் டி.பி.டி. என்ற டாக்டர் பட்டத்தை நுழைவுப் படிப்பாகவே தொடங்கியது. மற்ற பிசிகல் தெரபிப் பள்ளிகள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. இந்தப் பள்ளிகளுக்கு அங்கீகாரம் தரும் கேப்டி அமைப்பு, எல்லாரும் டி.பி.டி.க்கு மாற 2015 முடிவைக் கெடுவாக வைத்தது. அதனால் இன்று புதிதாகப் படிப்பவர்களுக்கு டி.பி.டி. ஒன்றே வழி. நான்கு வருட இளங்கலை, மேலே மூன்று வருடம், ஆக ஏழு.

ஆறு வருடக் கணக்கு ‘3+3’ திட்டங்களில் வருவது. இளங்கலையின் முக்கியப் பாடங்களை மூன்று வருடத்தில் முடித்துவிட்டு, நான்காம் வருடமே டி.பி.டி. வகுப்பில் உட்கார்ந்துவிடுவார்கள். டி.பி.டி.யின் முதல் வருடப் பாடங்களே இளங்கலையின் கடைசி வருடத்துக்கும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். மில்வாக்கியின் மார்க்கெட், செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம், நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்கா கல்லூரி, பிட்ஸ்பர்க்கின் டியூக்கேன், கனெக்டிகட்டின் குவின்னிப்பியாக் போன்றவை பள்ளி முடிக்கும் மாணவர்களையே நேரடியாக இப்படி எடுத்துப் பழகியவை. விதிகள் வருடத்துக்கு வருடம் மாறும், ஆகவே விண்ணப்பிக்கும் ஆண்டின் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது பெய்லர், சவுத் காலேஜ் போன்ற இடங்களில் இரண்டே வருடத்தில் முடியும் டி.பி.டி. இருக்கிறது. பாதி ஆன்லைன், பாதி நேரடிப் பயிற்சி. நிதானமாக நான்கு வருடம் இளங்கலை படித்து, பட்டத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, அப்புறம் இதில் சேர்ந்தாலும் மொத்தம் ஆறுதான். பதினேழு வயதில் முடிவெடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஒரு வருடம் மிச்சம் என்பதற்காக மட்டுமே 3+3-க்கு ஓடுபவர்களிடம் இதைச் சொன்னால் கொஞ்சம் யோசிக்கிறார்கள்.

மகனுக்கு ‘ப்ரீ-பிசிகல் தெரபி’ பிரிவில் அட்மிஷன் வந்திருக்கிறது. டி.பி.டி. சீட் உறுதி என்று வைத்துக்கொள்ளலாமா? (ஃப்ரிஸ்கோ, டெக்சாஸ்)

வைத்துக்கொள்ளக் கூடாது சார். ‘ப்ரீ-பிடி’ என்பது பெரும்பாலும் எந்தெந்தப் பாடங்களை எடுக்க வேண்டும் என்று வழிகாட்டும் ஒரு பெயர்ப்பலகை, அவ்வளவே. அட்மிஷன் கடிதத்தில் டி.பி.டி. திட்டத்தின் பெயர் வருகிறதா, எந்த வருடம் அதில் சேர்வார் என்று இருக்கிறதா, என்ன நிபந்தனை என்று எழுதியிருக்கிறதா? மூன்றும் இல்லையென்றால் உங்கள் மகன் இன்னும் வரிசையிலேயே சேரவில்லை என்று பொருள்.

நான் இரண்டாம் வருட மாணவி. எங்கள் கல்லூரி ‘எர்லி அஷ்யூரன்ஸ்’ என்று, டி.பி.டி. இடத்தை முன்கூட்டியே உறுதி செய்யும் ஒரு வாய்ப்பு தருகிறது. எடுத்துக்கொள்ளலாமா?

இதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும்.

முதலில், கடிதம் எதை உறுதி செய்கிறது என்று பார். சில கல்லூரிகள் சீட்டையே உறுதி செய்கின்றன. சில, நேர்காணலை மட்டும். இன்னும் சில, வேறொரு பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் போட்டு வைத்திருக்கும். அந்த ஒப்பந்தத்தில் வருடத்துக்கு இத்தனை பேர் என்று வரம்பு இருக்கலாம், உன்னோடு தகுதி பெற்றவர்கள் அதைவிட அதிகமாகவும் இருக்கலாம். மூன்றையும் விளம்பரத்தாளில் ஒரே வார்த்தையில் எழுதிவிடுவார்கள். நேர்காணல் உறுதி என்பது நல்ல சலுகைதான், ஆனால் அதை நம்பி மற்ற இடங்களுக்கு விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதே.

அடுத்து நிபந்தனைகள். மொத்த ஜி.பி.ஏ. (நான்குக்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) இவ்வளவு, அறிவியல் பாடங்களின் ஜி.பி.ஏ. தனியாக இவ்வளவு, எந்த முன்தேவைப் பாடத்திலும் இந்த கிரேடுக்குக் கீழே போகக் கூடாது, இத்தனை பாடங்களுக்கு மேல் மறுமுறை எடுக்கக் கூடாது என்று வரும். இதில் பிள்ளைகள் வழக்கமாகத் தடுக்கி விழுவது அறிவியல் ஜி.பி.ஏ.வில்தான். உடற்கூறியல், உடலியங்கியல் இரண்டு பருவம், வேதியியல் இரண்டு, இயற்பியல் இரண்டு, எல்லாவற்றுக்கும் லேப் உண்டு. 3+3-ல் இவை மூன்று வருடத்துக்குள் நெருக்கியடித்து வருவதால், ஒரே பருவத்தில் இயற்பியலும் உடலியங்கியலும் சேர்ந்து வந்து கழுத்தைப் பிடிக்கும். உன் அட்வைசரிடம் போய் பருவவாரியாக முழு அட்டவணையையும் போடச் சொல்லிப் பார்த்துவிட்டு முடிவெடு.

மூன்றாவதை யாரும் கேட்பதே இல்லை. டி.பி.டி. முதல் வருடத்தில் தடுமாறினால் உன் கையில் என்ன இருக்கும்? பல 3+3 திட்டங்களில் அந்த வருடத்தை முடித்தால்தான் இளங்கலைப் பட்டமே வரும். டி.பி.டி. பொதுவாகக் கோடையிலேயே, உடல் அறுத்துப் பார்க்கும் அனாடமி லேபோடு தொடங்கிவிடும். உன் வயதுத் தோழிகள் கடைசி வருடத்தை ஆற அமர அனுபவித்துக்கொண்டிருக்கும்போது நீ ஃபார்மலின் வாசனையோடு ராத்திரி விடுதிக்குத் திரும்புவாய். அந்தப் பருவத்தில் சறுக்கினால் டி.பி.டி.யும் இல்லை, இளங்கலைப் பட்டமும் இல்லை, மூன்று வருடக் கிரெடிட் மட்டும் மிஞ்சும். நல்ல கல்லூரிகள் இதற்கென்று திரும்பும் வழி வைத்திருக்கும்: நான்காம் வருடத்தை வேறு பாடங்கள் எடுத்து முடித்துப் பட்டம் வாங்கலாம். அதை எழுத்தில் காட்டச் சொல். வாய்ச்சொல் போதாது.

இவையெல்லாம் சரியாக இருந்தால், எடுத்துக்கொள். இந்தத் தொழில்தான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்களுக்கு, ஊர் ஊராக விண்ணப்பம் போட்டு நேர்காணலுக்கு அலையும் செலவும் மனஉளைச்சலும் மிச்சமாவது சின்ன விஷயமில்லை. அதோடு, பெரும்பாலான எர்லி அஷ்யூரன்ஸ் மாணவர்கள் மனம் மாறினால் விலகிக்கொள்ளவும் முடியும்.

‘எர்லி டிசிஷன்’ என்பதும் இதுதானே?

இல்லை, இரண்டும் வேறு. எர்லி டிசிஷன், பி.டி.காஸ் என்ற பொது விண்ணப்பத் தளத்தில், வழக்கமாகச் சேரும் ஆண்டுக்கு முந்தைய ஆண்டில் நடப்பது. கோடையில் தளம் திறக்கும். அப்போது ஒரே ஒரு பள்ளிக்கு மட்டும் விண்ணப்பித்து, “நீங்கள் எடுத்தால் நான் கட்டாயம் வருவேன்” என்று ஒப்புக்கொள்வது. கெடு பொதுவாக ஆகஸ்ட் வாக்கில் முடிந்து, பதில் சீக்கிரம் வரும். எடுத்துவிட்டால் வேறு எங்கும் போக முடியாது. எடுக்கவில்லையென்றால் மற்ற பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கலாம். எல்லாப் பள்ளிகளும் இந்த வசதியைத் தருவதில்லை. வேறு பள்ளிகளின் உதவித்தொகையை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு போய்விடும் என்பதால், பணம் ஒரு பொருட்டாக இருக்கும் வீட்டுக்கு நான் இதைச் சிபாரிசு செய்வதில்லை.

பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வான ஏ.பி.யில், பயாலஜியிலும் இயற்பியலிலும் மகன் ஐந்துக்கு ஐந்து வாங்கியிருக்கிறான். அந்தப் பாடங்களைத் தவிர்த்துவிடலாமா?

கல்லூரி கிரெடிட் தரும். டி.பி.டி. பள்ளி ஏற்குமா என்பது வேறு விஷயம். அறிவியல் முன்தேவைகளுக்கு ஏ.பி.யை ஏற்காத பள்ளிகள் நிறைய, கல்லூரியில் அதே துறையில் அடுத்த கட்டப் பாடம் ஒன்றை எடுத்தால் ஏற்போம் என்பவையும் உண்டு. ஒரே கல்லூரியின் 3+3-ல் இருந்தால் ஓரிடத்தில் கேட்டால் போதும். இல்லையென்றால் அந்தப் பாடங்களைக் கல்லூரியில் படித்துவிடுவதே மேல், சுலபமாக ஒரு ‘ஏ’ சேரும்.

இதோடு சேர்த்து ஒன்று: கல்லூரியில் மறுமுறை எடுத்த பாடத்துக்குப் பழைய கிரேடு அழிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். பி.டி.காஸ் தன் கணக்கில் இரண்டையும் சேர்க்கும். நான்கு கிரெடிட் பாடத்தில் ‘சி’, மறுமுறை ‘ஏ’ என்றால் அங்கே சராசரி 3.0 தான்.

செலவு? கடன் விதிகள் மாறிவிட்டதாகச் சொல்கிறார்களே?

பெரிய அளவில் மாறியிருக்கின்றன. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டத்தின்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் மேல்படிப்பு மாணவர்களுக்கு ‘கிராட் பிளஸ்’ கடன் கிடையாது. முழுச் செலவுக்கும் அரசுக் கடன் என்ற பழைய வசதி அதோடு போயிற்று. சாதாரண மேல்படிப்புக்கு ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தம் ஒரு லட்சம் டாலர். ‘தொழில்முறைப் பட்டம்’ என்று வகைப்படுத்தப்பட்டவற்றுக்கு ஆண்டுக்கு 50,000, மொத்தம் இரண்டு லட்சம். 2025 நவம்பரில் கல்வித்துறைக் குழுவில் உருவான வரைவுப் பட்டியலில் மருத்துவம், பல் மருத்துவம், சட்டம், ஏன், முதுகெலும்பைக் கையால் சரிசெய்யும் கைரோபிராக்டிக்கூட இருந்தது. பிசிகல் தெரபி இல்லை. டாக்டர் பட்டம் கட்டாயம் என்று ஆக்கிவிட்டு, கடன் கொடுக்கும்போது சாதாரண மேல்படிப்பு என்பது எந்த ஊர் நியாயமோ!

3+3-ல் இன்னொரு முடிச்சு இருக்கிறது. நான்காம் வருடம் பிள்ளை உட்கார்ந்திருப்பது டி.பி.டி. வகுப்பில், ஆனால் நிதி உதவி அலுவலகம் அவரை இளங்கலை மாணவர் கணக்கிலேயே வைத்திருக்கலாம். பெற்றோரைச் சார்ந்த இளங்கலை மாணவருக்குக் கடைசி வருடங்களில் அரசுக் கடன் ஆண்டுக்கு 7,500 டாலர்தான். மறுபக்கம், இளங்கலைக்குக் கிடைத்த மெரிட் உதவித்தொகை அந்த வருடமும் தொடர்ந்தால் அது லாபம். ஆகவே கேட்க வேண்டிய கேள்விகள்: நான்காம் வருடம் எந்தக் கணக்கு? எந்தக் கட்டணம்? உதவித்தொகை தொடருமா? பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள்.

வருமானத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொழிலாளர் புள்ளிவிவரத் துறைக் கணக்குப்படி 2024 மே மாதத்தில் பிசிகல் தெரபிஸ்ட்டின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 1,01,020 டாலர். நல்ல சம்பளம். இரண்டு லட்சம் கடனோடு பார்த்தால் அவ்வளவு நல்ல சம்பளம் இல்லை. மாநிலப் பல்கலைக்கழகத்தில் உள்ளூர்க் கட்டணத்தில் ஏழு வருடம் படிப்பது, தனியார் கல்லூரியில் ஆறு வருடம் படிப்பதைவிட மலிவாக முடிவது சகஜம்.

நாங்கள் எச்-1பி வேலை விசாவில், மகள் எங்களைச் சார்ந்த எச்-4 விசாவில். ஆறு வருடத் திட்டத்தில் சேர்க்கலாமா? (சான் ஹோசே)

சேர்க்கலாம், ஆனால் 21 வயதுக் கணக்கைப் போட்டுவிட்டுச் சேருங்கள். பதினெட்டில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு எச்-4 முடியும் 21-ஆம் பிறந்தநாள், 3+3-ல் சரியாக இளங்கலைப் பகுதியிலிருந்து டி.பி.டி.க்கு மாறும் சமயத்தில் வந்து நிற்கும். அதற்கு முன்பே எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாற வேண்டும், மாற்றம் கைக்கு வர மாதங்கள் ஆகும். எஃப்-1 மாணவருக்கு மருத்துவமனைப் பயிற்சிகளுக்கு சி.பி.டி. என்ற, படிப்போடு சேர்ந்த வேலை அனுமதி தேவைப்படலாம், கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் முன்னதாகவே பேசிவிடுங்கள். படித்து முடித்தபின் வேலை பார்க்க ஓ.பி.டி. என்ற அனுமதி பன்னிரண்டு மாதம். அரசுக் கல்விக் கடன் எச்-4, எஃப்-1 இரண்டுக்குமே கிடையாது. கிரீன் கார்டு வரிசையில் இருக்கிறீர்கள் என்றால், பிள்ளையின் வயது உறைநிலைக்கு வருமா என்பதை வழக்கறிஞரிடம் கேளுங்கள். அது என் துறை இல்லை.

தெரபிஸ்ட்டின் வேலையைக் கூடவே நின்று பார்க்கும் அப்சர்வேஷன் மணிநேரம் எத்தனை வேண்டும்? 3+3 பிள்ளைகளுக்குத் தேவையா?

பள்ளிக்குப் பள்ளி மாறும். ஒன்றுமே கேட்காதவை உண்டு, நூறு மணிநேரம் கேட்பவையும் உண்டு. கேட்காவிட்டாலும் போகச் சொல்வேன், முன்கூட்டியே சீட்டை உறுதி செய்பவர்கள் முக்கியமாகப் போக வேண்டும். விளையாட்டு வீரர்களை நினைத்துக்கொண்டு வரும் பிள்ளைகள், ஒரு நாள் போய் நிற்கட்டும். முழங்கால் மாற்று அறுவை முடிந்து இரண்டாவது வாரம் வந்திருக்கும் ஒரு பாட்டி, மேஜையில் மல்லாந்து படுத்துக் குதிகாலை மெதுவாகத் தன் பக்கம் இழுப்பார். தெரபிஸ்ட் கோனியோமீட்டர் என்ற கோணமானியை வைத்து முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று அளப்பார்: 72 டிகிரி. போன தடவை 65. கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ 90-க்கு மேல் வேண்டும். பாட்டி திட்டுவார், தெரபிஸ்ட் சிரித்துக்கொண்டே இன்னும் பத்து தடவை என்பார். பிறகு அரை மணி கம்ப்யூட்டரில் குறிப்பு எழுதுவார், காப்பீட்டுக் கம்பெனிக்காக. இதைப் பார்த்துவிட்டும் மறுநாள் போகத் தோன்றினால் சரியான பிள்ளை. வெளிநோயாளி கிளினிக் மட்டும் போதாது, ஒரு மருத்துவமனை வார்டையும் பார்க்கச் சொல்லுங்கள். மணிநேரத்துக்கு, உரிமம் உள்ள தெரபிஸ்ட்டிடம் அன்றன்றே கையெழுத்து வாங்கிவிட வேண்டும்.

புதிய டி.பி.டி. பள்ளி ஒன்று சுலபமாக எர்லி சீட் தருகிறது. நம்பலாமா?

கேப்டி தளத்தில் அதன் நிலையைப் பாருங்கள். புதிய பள்ளிக்கு முதலில் ‘கேண்டிடேட்’ நிலைதான், முழு அங்கீகாரம் முதல் அணி முடிக்கும் தறுவாயில் முடிவாகும். அங்கீகாரம் கிடைக்கவில்லையென்றால் உரிமத் தேர்வு எழுதுவதே சிக்கலாகிவிடும். பல பள்ளிகளுக்குக் கிடைத்துவிடுகிறது. இருந்தாலும் முதல் அணியில் என் பிள்ளையைச் சேர்க்க எனக்குத் தயக்கம் உண்டு.

கோவையில் பி.பி.டி. (பிசியோதெரபி இளங்கலை) கடைசி வருடம் படிக்கிறேன். இந்த எர்லி அட்மிஷன் எனக்குப் பொருந்துமா?

பொருந்தாது தம்பி, உனக்குத் தேவையும் இல்லை. உன்னிடம் ஏற்கெனவே தொழில் பட்டம் இருக்கப்போகிறது. உன் வழி வேறு: எஃப்.சி.சி.பி.டி. போன்ற அமைப்பின் மூலம் உன் படிப்பை அமெரிக்க டி.பி.டி.யோடு ஒப்பிட்டு மதிப்பிடுவது, குறைகிற பாடங்களைப் படித்து நிரப்புவது, டோஃபல் ஆங்கிலத் தேர்வு, பிறகு என்.பி.டி.இ. என்ற உரிமத் தேர்வு. அதில் 200 முதல் 800 வரையிலான அளவில் 600 எடுத்தால் தேர்ச்சி. வருடத்துக்கு மூன்று முறை, வாழ்நாளில் ஆறு முறைதான் எழுதலாம் என்பதால் ‘சும்மா எழுதிப் பார்ப்போம்’ வேண்டாம். அமெரிக்கக் குடியேற்ற விதிகளில் பிசிகல் தெரபிஸ்ட் ‘ஷெட்யூல் ஏ’ பட்டியலில் இருப்பதால், கிரீன் கார்டுக்கு வேலைவாய்ப்புச் சான்று என்ற நீண்ட படி உனக்குக் கிடையாது. இந்தியாவுக்கான வரிசையில் காத்திருப்பது மட்டும் எல்லோருக்கும் பொது.

மதிப்பீட்டில் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது காகிதத்தில்தான். பாடவாரியான முழுச் சிலபஸ், வகுப்பு மணிநேரம், இன்டர்ன்ஷிப்பில் எந்தத் துறையில் எத்தனை மணி என்ற கணக்கு, எல்லாவற்றையும் கல்லூரி முத்திரையோடு இப்போதே வாங்கி வைத்துக்கொள். ஐந்து வருடம் கழித்துக் கேட்டால் பிரின்சிபாலும் மாறியிருப்பார், சிலபஸும் மாறியிருக்கும்.