காரைக்குடி டூ தொண்டி, ஒரே நாளில்: பழைய கண்டக்டரிடம் கேளுங்கள்

காரைக்குடி–தொண்டி தடத்தில் பல வருடம் டிக்கெட் கிழித்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் மீன் வாங்கவாவது மாதம் ஒருமுறை போய்விடுவேன். ஒருநாள் கடற்கரைப் பயணம் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், வந்தவற்றுக்குப் பதில் இதோ.

கேள்வி: அண்ணே, ஒரே நாள்தான் லீவு. ராமேஸ்வரமா, தொண்டியா?

பதில்: தொண்டி. ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தம் ஆடி, ஈரத்துணி மாற்றி, வரிசையில் நின்று சாமி பார்த்து வெளியே வருவதற்குள் பாதி நாள் போய்விடும், அப்புறம் தனுஷ்கோடி பார்க்காமல் வரமாட்டேன் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் ராத்திரி தங்கித்தான் ஆகணும். தொண்டிக்கு தேவகோட்டை, திருவாடானை வழியாகச் சுமார் 60 கிலோமீட்டர்தான். காலை 5 மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினால் வெயில் ஏறுமுன் கரையில் இருக்கலாம். எட்டு மணிக்குமேல் கிளம்புகிறவர் கடலைப் பார்க்கப் போகவில்லை, வெயிலைப் பார்க்கப் போகிறார்.

கேள்வி: பெண்களுக்கு இலவச டிக்கெட் உண்டா ஐயா?

பதில்: அது சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸுக்குத்தான் தங்கச்சி. வெளியூர் பஸ்ஸில் காசு கொடுத்துத்தான் ஏறணும். சில்லறையாக வைத்துக்கொண்டால் கண்டக்டர் உங்களை வாழ்த்துவார்.

கேள்வி: போன ஞாயிறு போனேன், மீன் நிறைய கிடைத்தது. இந்த வெள்ளிக்கிழமை போனால் பெரிய மீனே இல்லை. ஏன்?

பதில்: நாள் பார்த்துப் போகணும் தம்பி. இந்தப் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனியில்தான் கடலுக்குப் போகும், மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. விசைப்படகு மீன் மறுநாள் காலை கரைக்கு வரும், ஆக செவ்வாய், வியாழன், ஞாயிறு விடியற்காலை போனால் கை நிறைய வாங்கலாம். வடக்கே கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் வரை போக முடிந்தால் இன்னும் நல்லது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், அப்போது நாட்டுப்படகு மீன் மட்டும்தான், விலையும் எகிறும்.

செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்கணும், கண் குழி விழுந்திருக்கக் கூடாது. ஒருமுறை மதியம் பன்னிரண்டு மணிக்கு ஐஸில் விறைத்துக் கிடந்த பாறை மீனைப் புதுசு என்று நம்பி வாங்கி வந்து, தேவகோட்டை தாண்டும்போதே பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து முன்னால் போய்விட்டார். அதிலிருந்து தெர்மோகோல் பெட்டி கொண்டுபோய், உடைத்த ஐஸ் ஒரு அடுக்கு மீன் ஒரு அடுக்கு என்று வைத்துத்தான் கொண்டுவருகிறேன்.

கேள்வி: பிள்ளைகள் குளிக்கலாமா? அலை பெரிதாக இருக்குமா?

பதில்: பாக் நீரிணைக் கடல் ஆழம் குறைவு, எதிரே இலங்கை மறைத்து நிற்கிறது, அதனால் மெரினா மாதிரி அலை இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று அடிக்கும்போது மட்டும் கலங்கிக் கொந்தளிக்கும், அப்போது இறக்காதீர்கள். அடியில் சேறு, திருக்கை பதுங்கியிருக்கும், காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கரையெல்லாம் கருப்பாகக் குப்பை ஒதுங்கிக் கிடக்கிறதே, யாரும் அள்ள மாட்டார்களா?

பதில்: பிளாஸ்டிக் என்றால் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். கருப்பாக நாடா மாதிரி கிடப்பது கடல் புல். கடல் பசுவுக்கு அதுதான் சாப்பாடு. அதைக் காப்பாற்றத்தான் 2022-ல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல் பசு பாதுகாப்பகமாக அறிவித்தார்கள்.

கேள்வி: அப்பச்சிக்கு வயது எழுபத்தைந்து, கோவில் இல்லாமல் வரமாட்டேன் என்கிறார்.

பதில்: கார் எடுங்கள். போகும் வழியில் திருவாடானை, சம்பந்தர் பாடிய தலம். தொண்டியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் உப்பூர் பிள்ளையார், மேற்கூரை இல்லாமல் வெயிலில் இருக்கிறவர். அதையும் தாண்டினால் தேவிபட்டினம், கடலுக்குள் ஒன்பது கல்லாக நவகிரகம். தேவிபட்டினத்தை முதலில் முடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள், மத்தியான வெயிலில் அப்பச்சியை அங்கே நிறுத்தாதீர்கள்.

கேள்வி: சாப்பாடு?

பதில்: புளியோதரையும் தயிர்சோறும் கட்டிக்கொண்டு போங்கள். மீன் வீட்டுக்கு வந்து ஆச்சி கையால் குழம்பானால்தான் ருசி.