மாஸ் எஃபெக்ட் வீடியோ விளையாட்டுத் தொடரின் இரண்டாம் பாகம் கதையை நகர்த்துகிறதா? முதல் பாகத்திலிருந்து நேரே மூன்றாவதற்குப் போகலாமா?

மூன்று பாகங்களின் முடிச்சுகளையும் அவிழ்த்துத்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும் என்பதால், இனிமேல் விளையாடப் போகிறவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்வது நல்லது.

உயிரினங்களை அழிக்க வரும் ராட்சத இயந்திரங்களான ரீப்பர்களுடனான போர் மட்டுமே கதை என்று கொண்டால், இரண்டாம் பாகம் அதை ஏறக்குறைய நகர்த்தவே இல்லை. 2007இல் வந்த முதல் பாகத்தின் முடிவில் சாவரின் என்ற ரீப்பர் அழிகிறது, மற்ற ரீப்பர்கள் பால்வெளிக்கு வெளியே இருளில் காத்திருக்கின்றன. 2010இல் வந்த இரண்டாம் பாகம் முடியும்போதும் அவை வந்துகொண்டுதான் இருக்கின்றன. இடையில் கதையின் நாயகரான ஷெப்பர்ட் இறக்கிறார், செர்பரஸ் அமைப்பு அவரை இரண்டு ஆண்டுகள் செலவிட்டு உயிர்ப்பிக்கிறது, மனிதக் குடியேற்றங்களைக் கடத்தும் கலெக்டர்களை அவர் ஒழிக்கிறார். அந்தக் கலெக்டர்கள் முன்பு ரீப்பர்களால் அழிக்கப்பட்ட புரோத்தியன் இனத்தாரின் உருமாற்றப்பட்ட வடிவமே என்பதும், கடத்தப்பட்ட மனிதர்களைக் கரைத்துப் புதிய ரீப்பர் ஒன்று உருவாக்கப்படுகிறது என்பதும் திகிலூட்டும் செய்திகள்தாம். ஆனால் போரின் போக்கை அவை மாற்றவில்லை. உண்மையில் மாற்றுவது, விண்மீன்களிடையே பயணிக்க உதவும் ரிலே ஒன்றைத் தகர்த்து ரீப்பர்களின் வருகையைத் தாமதப்படுத்தும் ‘அரைவல்’ என்ற அத்தியாயம். அதை 2011இல் தனியாக விற்றார்கள்.

கடலூரில் இருக்கும் என் நண்பர் ஒருவர் இதைக் காட்டியே அந்தப் பாகம் வீண் என்று வாதிடுவார். நான் அப்படி நினைக்கவில்லை. மூன்றாம் பாகத்தில் மனத்தை உலுக்கும் இரண்டு பெரிய கட்டங்கள் குரோகன் இனத்தின் தாயகமான டுசாங்காவிலும் குவேரியன் இனத்தின் தாயகமான ரானாக்கிலும் நிகழ்கின்றன. இரண்டுக்கும் அடித்தளம் இரண்டாம் பாகத்தில்தான் இடப்படுகிறது.

குரோகன் குழந்தைகளில் மிகப் பெரும்பாலானவை பிழைக்காதபடி செய்யும் ஜெனோபேஜ் நோயை, அது வலுவிழந்து வந்த சமயத்தில் மறுபடி கூர்மையாக்கிய அறிவியலாளர்களுள் ஒருவர், ஷெப்பர்டின் தோழரான மோர்டின். கணக்குப் போட்டுப் பார்த்தால் அதுவே சரி என்று அவர் படபடவென்று விளக்கும்போது நமக்கு மறுத்துப் பேச வாய் வருவதில்லை. பின்னர் டுசாங்காவில், நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கும் சோதனைக்குத் தானாக முன்வந்து இறந்துபோன ஒரு குரோகன் பெண்ணின் உடலருகே அவர் நிற்கிறார். அங்கே அவருடைய கணக்கு அவருக்கே போதவில்லை. மூன்றாம் பாகத்தில் அதே மனிதர் மருந்தைப் பரப்புவதற்காக எரியும் கோபுரத்தில் ஏறிச் செல்லும் காட்சி, இதைப் பார்க்காதவருக்கு ஒரு நல்ல சண்டைக்காட்சியாக மட்டுமே நின்றுவிடும். மேலும், அந்தச் சோதனைத் தரவுகளை இரண்டாம் பாகத்தில் அழித்துவிட்டிருந்தால், மூன்றாம் பாகத்தில் ஈவ் என்ற குரோகன் பெண் உயிர் பிழைப்பதில்லை. குவேரியன் தோழி டாலியின் விசாரணையும், அந்த இனம் உருவாக்கி அதனுடனேயே மோதும் கெத்து இயந்திரங்களின் தரப்பை, அவற்றுள் ஒன்றான லீஜியன் வழியாக நாம் முதன்முறையாகக் கேட்பதும் ரானாக்குக்கு இதே வேலையைச் செய்கின்றன.

ஆனாலும் இந்தப் பாகத்தின் மீது எனக்கு ஒரு குறை உண்டு. புதுச்சேரி, கடலூர்ப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும்போது, பதினெட்டாம் போருக்கு முன்னால் அர்ச்சுனன் தபசுக்கென்றே ஓர் இரவை ஒதுக்குவார்கள். தபசு மரம் ஏறும் அர்ச்சுனனைப் பார்க்க வந்தவர் எவரும் போர் தள்ளிப்போகிறதே என்று முணுமுணுப்பதில்லை, ஏனென்றால் அவன் பாசுபதத்தோடு திரும்புகிறான். ஷெப்பர்டோ இரண்டாம் பாகத்திலிருந்து தோழர்களோடு திரும்புகிறாரே தவிர, ரீப்பர்களை வெல்லும் வழி எதையும் கொண்டுவருவதில்லை. அதனால்தான் 2012இல் வந்த மூன்றாம் பாகம் தொடங்கியவுடனேயே, செவ்வாயின் ஆவணக் காப்பகத்தில் குரூசிபிள் என்ற கருவியின் வரைபடம் திடீரென்று கிடைத்தாக வேண்டியிருக்கிறது. அந்த வரைபடத்தின் ஒரு துணுக்கையாவது கலெக்டர்களின் தளத்தில் வைத்திருந்தால், என் நண்பரின் வாதத்துக்கு இடமே இருந்திருக்காது.

தோழர்கள் விஷயத்திலும் ஒரு சிக்கல் உண்டு. இறுதித் தாக்குதலில் பன்னிரண்டு பேரில் எவர் வேண்டுமானாலும் இறக்கலாம் என்பது இரண்டாம் பாகத்தின் மிகச் சிறந்த துணிச்சல். ஆனால் இறந்திருக்கக்கூடிய ஒருவரை நம்பி அடுத்த பாகத்தின் மையக் கதையைக் கட்ட முடியாது. ஆகவே மூன்றாம் பாகத்தில் கேரஸும் டாலியும் மட்டுமே நிரந்தரமாக அணிக்குத் திரும்புகிறார்கள். மோர்டினையும் லீஜியனையும் தவிர்த்த மற்றவர்களில் பெரும்பாலோர் ஆளுக்கொரு சிறு பணியில் தலைகாட்டிவிட்டுப் போகிறார்கள். மோர்டின் இறந்திருந்தால்கூட அவர் இடத்தில் வேறொரு விஞ்ஞானி வந்து நிற்கிறார்.

எனவே, தாண்டிவிட்டுப் போகாதீர்கள். நம் தேர்வுகளை அடுத்த பாகத்துக்குக் கொண்டுசெல்லும் இரண்டாம் பாகத்தின் சேமிப்புக் கோப்பு இல்லாமல் மூன்றாம் பாகத்தைத் தொடங்கினால், குவேரியன்களுக்கும் கெத்துகளுக்கும் சமாதானம் செய்துவைக்கும் வழியே அடைபட்டிருக்கும். 2021இல் வந்த லெஜண்டரி எடிஷன் தொகுப்பை வாங்கினால் ‘அரைவல்’ அதிலேயே இருக்கிறது. நேரம் குறைவாக இருந்தாலும் மோர்டின், டாலி, லீஜியன் ஆகியோரின் தனிப்பணிகளைக் கட்டாயம் முடித்துவிடுங்கள். லீஜியனை உயிர்ப்பிக்காமல் செர்பரஸிடம் ஒப்படைத்துப் பணம் பெற்றுக்கொள்ளும் வாய்ப்பையும் விளையாட்டு உங்கள் முன் வைக்கும். அதற்கு இணங்கினால் ரானாக்கில் ஏதேனும் ஓர் இனம் அழிவதைத் தவிர்க்க முடியாது.