பிராணனை நிஜமாகவே வசப்படுத்த முடியுமா?

கேள்வி: யோகம் வெறும் உடற்பயிற்சி இல்லை, உயிர்ச்சக்தியை ஆளக் கற்றுக்கொள்ளும் ஆன்மிகப் பாதை என்கிறார்கள். பிராணன் என்று ஒன்றை நிஜமாகவே உணர முடியுமா? வசப்படுத்தினால் என்ன கிடைக்கும்? குரு இல்லாமல் செய்யலாமா?

பதில்:

உணர முடியும். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற மாதிரி இருக்காது.

முதுகுத்தண்டில் மின்சாரம் பாய்ந்தது, உச்சந்தலையில் ஒளி வெடித்தது என்று கதை கதையாகக் கேட்டு, பிராணன் என்றாலே உள்ளே ஏதோ கொந்தளிக்க வேண்டும் என்று நம் மனதில் பதிந்துவிட்டது. பல வருடமாகத் தினமும் மூச்சுப் பயிற்சிக்கு உட்கார்ந்து வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், பிராணன் கைக்கு வர வர உள்ளே ஆர்ப்பாட்டம் குறைந்துகொண்டேதான் போகும். ஒரு கட்டத்தில் மூச்சு ஓடுகிறதா இல்லையா என்றே சந்தேகம் வரும். அவ்வளவு மெலிந்துவிடும்.

இதைப் பதஞ்சலியே சொல்லியிருக்கிறார். அவருடைய யோக சூத்திரங்கள் மொத்தம் 195 (சில பதிப்புகளில் 196). இன்றைக்கு யோகா வகுப்பில் முக்கால்வாசி நேரத்தை விழுங்குகிற ஆசனத்துக்கு அதில் மூன்றே சூத்திரம். மூச்சை நெறிப்படுத்தும் பிராணாயாமத்துக்கு ஐந்து. பழகப் பழக மூச்சு எப்படி மாறும் என்பதற்கு அவர் தரும் அடையாளம் இரண்டு: தீர்க்கம், சூக்குமம். நீளும், நுண்மையாகும். பலன் என்று அவர் சொல்வதும் அடக்கமானதுதான்: உள்ளொளியை மூடியிருக்கும் திரை தேயும், மனம் ஒன்றில் நிற்கத் தகுதி பெறும். ஆகாயத்தில் உலவுவது போன்ற சித்திகள், அதாவது அபூர்வ சக்திகள், நூலின் மூன்றாம் பாதத்தில் வருகின்றன. ஆனால் சித்திகள் சமாதிக்கு இடையூறு என்று அதே பாதத்தில் எச்சரித்தும் விடுகிறார். அந்த ஒரு வரியை மட்டும் யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

எனக்குக் கற்றுக்கொடுத்தவரிடம் மூச்சை அடக்கி நிறுத்தும் கும்பகம் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். பஞ்சு நூலிலிருந்து ஓர் இழையைப் பிரித்துக் கையில் கொடுப்பார். மூக்குக்கு நாலு விரல் தள்ளி அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும், மூச்சை வெளியே விட வேண்டும், இழை ஆடக்கூடாது. கேட்கச் சுலபம். மூச்சை அமுக்கிப் பிடித்து விட்டால் இழை ஆடாது, உண்மைதான். ஆனால் இரண்டு மூச்சுக்குள் நெஞ்சு முட்டி, அடுத்தது தடதடவென்று வெளியே வந்து இழையைத் தூக்கி அடிக்கும். "அமுக்கினா திருப்பி உதைக்கும்பா. விட்டுப் பிடி" என்பார். வேறு விளக்கம் கிடையாது.

விட்டுப் பிடிப்பது எங்கே என்று உடம்புதான் காட்டிக்கொடுக்கும். முதலில் தோள் இறங்கும். பிறகு கீழ்த்தாடை தளரும். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தோம் என்பதே அப்போதுதான் தெரியவரும். மேலண்ணத்தில் ஒட்டியிருந்த நாக்கு தானாகக் கீழே வரும். அடிவயிறு கனிந்து, வெளிமூச்சு முடிகிற இடத்தில் ஒரு சின்ன இடைவெளி வரும். உள்ளே இழுக்க வேண்டும் என்ற அவசரமே இல்லாத இடம் அது. அங்கே எண்ணம் எழ முயலும், ஆனால் ஊன்றி நிற்காது. இழை அசையாமல் தொங்கும். பிராணனை உணர்வது என்று எதையாவது நான் சொல்லலாம் என்றால் அந்த இடத்தைத்தான் சொல்வேன்.

பிராணன் என்றால் ஆக்சிஜன்தானே என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. நம் மரபில் வாயு பத்து. பிராணன், அபானன், வியானன், உதானன், சமானன் என்று முக்கியமானவை ஐந்து. நாகன், கூர்மன், கிருகரன், தேவதத்தன், தனஞ்செயன் என்று துணை வாயுக்கள் ஐந்து. கழிவைக் கீழே தள்ளுவது, உண்டதைச் செரித்துச் சமமாகப் பங்கிடுவது, குரலை மேலே எழுப்புவது எல்லாம் இவற்றின் வேலை. தும்மல், கொட்டாவி, இமை கொட்டுவது வரைக்கும் கணக்கில் வைத்திருக்கிறார்கள். தனஞ்செயன் உயிர் போன பிறகும் தங்கி உடம்பை வீங்கவைத்துவிட்டுத்தான் கிளம்புமாம். ஆக, உடம்பில் எது அசைந்தாலும் அந்த அசைவுக்குப் பெயர் பிராணன். இத்தனையிலும் செரிமானத்தை நிறுத்து என்றால் நம்மால் முடியாது, இதயத்தை மெதுவாகத் துடி என்றாலும் முடியாது. உயிரைத் தாங்குகிற இந்த வேலைகளில் மூச்சு ஒன்றுதான் தானாகவும் ஓடும், நாம் சொன்னாலும் கேட்கும். பூட்டிய வீட்டில் வெளிப்பக்கம் கைப்பிடி உள்ள ஒரே கதவு அது. அதனால்தான் எல்லோரும் அங்கிருந்து தொடங்கினார்கள்.

இதில் உடற்கூறும் ஒத்துப்போகிறது. உள்ளிழுக்கும்போது இதயத்துடிப்பு சற்று வேகமாகும், வெளிவிடும்போது சற்றுக் குறையும். வெளிமூச்சு நீண்டால் உடம்பை அமைதிப்படுத்தும் நரம்புகளின் கை ஓங்குகிறது. மூச்சு முட்டுகிற அந்தத் தவிப்பும் பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவதால் வருவதில்லை, இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறுவதால் வருவது. பயிற்சியில் அந்தத் தவிப்போடு சண்டை போடாமல் பழகிக்கொள்கிறோம்.

இதே விஷயத்தைத் தலைகீழாகச் செய்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். எங்களோடு பயின்ற ஒருவர் எங்கேயோ பார்த்துவிட்டு வந்து பஸ்திரிகாவை, துருத்தி மாதிரி மூச்சை இழுத்து விடும் பயிற்சியை, வேக வேகமாக ஊதித் தள்ளினார். கொஞ்ச நேரத்தில் உதட்டைச் சுற்றி மரமரப்பு, விரல்கள் கொக்கி மாதிரி மடங்கிக்கொண்டன, தலை கிறுகிறுத்தது. முகத்தில் அப்படி ஒரு பரவசம்: முதுகுத்தண்டின் அடியில் உறங்குவதாகச் சொல்லப்படும் குண்டலினி சக்தி கிளம்பிவிட்டதாம். அளவுக்கு மீறி ஊதினால் கார்பன் டை ஆக்சைடு சட்டென்று இறங்கும். மூளைக்குப் போகும் இரத்தம் குறையும், நரம்பும் தசையும் துடிப்பேறி இப்படி இழுத்துக்கொள்ளும். மெதுவாக மூச்சு விடச் சொல்லி உட்காரவைத்ததும் சில நிமிடத்தில் விரல்கள் விரிந்தன. அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். குண்டலினியே பொய் என்று நான் சொல்லவரவில்லை. மரமரப்பை வைத்து அதைக் கணக்குப் போடாதீர்கள் என்கிறேன்.

15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹடயோகப் பிரதீபிகை என்ற யோக நூலே இதில் கறாராகப் பேசுகிறது. சிங்கம், யானை, புலியை எப்படி மெல்ல மெல்லப் பழக்குகிறோமோ அப்படித்தான் வாயுவையும் பழக்க வேண்டும், தவறினால் அது சாதகனையே கொன்றுவிடும் என்கிறது. திருமூலர் சொல்லும் கணக்கைப் பாருங்கள். பூரகம் (உள்ளிழுப்பது) 16 மாத்திரை, கும்பகம் (நிறுத்துவது) 64, ரேசகம் (வெளிவிடுவது) 32. மாத்திரை என்பது கால அளவு. ஒரு சுற்றுக்கு 112 மாத்திரை. இதைப் படித்துவிட்டு முதல் வாரமே 64 வரைக்கும் அடக்கிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அது போய்ச் சேர வேண்டிய இடத்தின் அளவு, கிளம்பும் இடத்தின் அளவு இல்லை.

அதே திருமூலர் பிராணனைப் பறவையை விட வேகமான குதிரை என்கிறார். அதன்மேல் ஏறியவனுக்குக் கள் குடிக்க வேண்டியதில்லை, களிப்பு தானே வரும் என்றவர், "துள்ளி நடப்பிக்கும் சோம்பு தவிர்ப்பிக்கும்" என்று தொடர்கிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. மோட்சம், முக்தி என்று ஆரம்பிக்காமல், சுறுசுறுப்பாக நடப்பாய், சோம்பல் போகும் என்கிறார். நிஜமாகவே முதலில் கிடைப்பது அதுதான். தூக்கம் ஆழமாகும். கோபம் வரும், ஆனால் வருகிறது என்று ஒரு நொடி முன்னாடியே மூச்சு சொல்லிவிடும், ஏனென்றால் முதலில் குட்டையாவது மூச்சுதான். பேச்சும் குறையும். நாள் முழுக்க வாயாலும் கண்ணாலும் செலவழித்துவிட்டு ராத்திரி கால்மணி நேரம் சேமிக்கிற கணக்கு உதைக்கும். இயமம், நியமம் என்ற ஒழுக்கக் கட்டுப்பாடுகள் ஏன் யோகப் படிகளின் வரிசையில் முதலில் நிற்கின்றன என்பது அப்போது புரியும்.

இடையில் ஒரு சுவாரசியம். இப்போதே ஒரு நாசியை மூடிப் பாருங்கள், மற்றதில் எவ்வளவு தாராளமாகக் காற்று போகிறது என்று தெரியும். இரண்டு நாசியும் பெரும்பாலான நேரம் சமமாக ஓடுவதில்லை, சில மணி நேரத்துக்கு ஒருமுறை முறை மாறும். நவீன மருத்துவமும் இதைச் சொல்கிறது. இடப்பக்கம் இடகலை, வலப்பக்கம் பிங்கலை, இரண்டும் சமப்படும்போது சுழுமுனை என்று நம்மவர்கள் பெயரிட்டார்கள். வலப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்தால் இட நாசி திறந்துகொள்ளும். அக்குளை அழுத்தினாலும் எதிர்ப்பக்க நாசி திறக்கும். முனிவர்கள் கையை ஊன்றியபடி சிலைகளில் வைத்திருக்கிறார்களே யோக தண்டம் என்ற ஊன்றுகோல், அது வெறும் அழகுக்கு இல்லை.

சரி, ஆன்மிகப் பாதையா என்ற கேள்விக்கு வருகிறேன். பாதைதான், ஆனால் இதுவே ஊர் கிடையாது. ரமணர் உபதேச உந்தியாரில் மூச்சை அடக்கினால் வலையில் பட்ட பறவை போல மனமும் ஒடுங்கும் என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால் ஒடுங்குவது வேறு, அழிவது வேறு. ஒடுங்கியது மறுபடி எழும் என்றும் சொல்கிறார். இதற்கு அவர் சொல்லும் கதை ஒன்று உண்டு. கங்கைக் கரையில் ஒரு யோகி, குடிக்கத் தண்ணீர் கொண்டுவா என்று சீடனை அனுப்பிவிட்டுச் சமாதியில் ஆழ்ந்துவிட்டார். கண் விழித்தபோது பல நூறு வருடம் ஓடிவிட்டது. விழித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "தண்ணீர் எங்கே?" அத்தனை காலம் பிராணனைக் கட்டி வைத்திருந்தும் தாகம் விட்ட இடத்திலேயே காத்துக்கொண்டிருந்தது. மூச்சு அடங்கிக் கிடைக்கிற அந்த அமைதியில் யார் இதை அனுபவிக்கிறது என்று உள்ளே திரும்பிப் பார்த்தால்தான் மேற்கொண்டு வழி. அதைச் செய்யாமல் அமைதியிலேயே சொக்கிப்போய் உட்கார்ந்திருக்கலாம், பலரும் உட்கார்ந்திருக்கிறோம்.

குரு வேண்டுமா? மூச்சைக் கவனிக்க, சிரமமில்லாமல் வெளிமூச்சை நீட்ட, மூச்சை அடக்காமல் நாடி சுத்தி (நாசிகளில் மாற்றி மாற்றி மூச்சு விடுவது) செய்ய, ஒருமுறை சரியாகப் பார்த்துக் கற்றுக்கொண்டாலே போதும். கும்பகம், பந்தங்கள் (தொண்டை, வயிறு போன்ற இடங்களை இறுக்கிப் பூட்டுவது), வேகமான கபாலபாதி (வயிற்றைச் சுருக்கி மூச்சை வெடுக்கென்று வெளியே தள்ளுவது), பஸ்திரிகா எல்லாம் எதிரே ஒருவர் உட்கார்ந்து உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் செய்யுங்கள். இரத்த அழுத்தம், இதயக் கோளாறு, வலிப்பு, குடலிறக்கம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இந்த இரண்டாவது வகைப் பக்கமே மருத்துவரைக் கேட்காமல் போக வேண்டாம். சொல்லித்தருகிறவரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்றால், முதல் நாளே சக்தியை எழுப்பித் தருகிறேன் என்பவரை விட்டுவிடுங்கள். அவர் பேசும்போது அவருடைய மூச்சு எப்படி ஓடுகிறது என்று கொஞ்ச நேரம் கவனியுங்கள்.