துரியோதனன் பாட்டை எங்கே வெட்டுவது?

தம்பி, நகரிப் பக்கத்துக் கூத்தைக் கல்லூரிக் குறும்படமாக எடுக்கிறேன், துரியோதனன் வருகைப் பாட்டு 12 நிமிடம் இழுக்கிறது, வெட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக வெட்டுங்கள், ஆனால் தொடக்கத்தைத் தொடாதீர்கள். இரண்டு பேர் பிடித்த திரைக்கு மேலே கிரீடம் மட்டும் ஆட, கீழே சலங்கைக் கால் தரையைத் தட்டும் பாருங்கள், அவன் மிரட்டல் முழுக்க அங்கேதான் இருக்கிறது. பின்பாட்டுக்காரர்கள் அதே வரியைத் திரும்பப் பாடுவது கடைசி வரிசைக்கும் எட்டுவதற்காக. கேமராவுக்கு அது வேண்டாம், அந்த இடத்தில் கண்ணைக் காட்டுங்கள். 1982-இல் மேடையேறிய ‘லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்’ என்ற அமெரிக்க இசை நாடகம் 1986-இல் படமானபோது, அதில் வில்லனாக வரும் ஆள்தின்னிச் செடிக்குப் புதிதாகவே ஒரு பாட்டு எழுதினார்கள். அது ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. அதனால் கூத்து வாத்தியாரிடமே 2 நிமிடத்தில் முடிகிற புதுப் பாட்டு ஒன்று கட்டித் தரச் சொல்லுங்கள். குப்பம் ஊரில் நான் கூத்தைப் படம் எடுத்தபோது அப்படித்தான் செய்தேன். நாயனம் போன்ற சிறு ஊதுகருவியான முகவீணையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.