பர்மிட் எடுக்கும் முன் அந்த டிக்கெட்டை முடியுங்கள்

வணக்கம் அம்மா.

உங்கள் மடலை இரண்டு முறை படித்தேன். முதல் முறை அது ஓவர்ஸ்பீடு டிக்கெட்டைப் பற்றிய, அதாவது வேக எல்லையைத் தாண்டியதற்குக் கொடுத்த அபராதச் சீட்டைப் பற்றிய கேள்வியாகத்தான் தெரிந்தது. இரண்டாம் முறை படித்தபோது உள்ளே இன்னொரு கேள்வியும் இருப்பது புரிந்தது. கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு டிரக் ஓட்டப் போகிறேன் என்று நிற்கும் மகனை, இந்த டிக்கெட்டைச் சொல்லியாவது நிறுத்திவிட முடியுமா என்பது அது. முடியாது. இரண்டு வேக டிக்கெட் இருப்பதால் மட்டும் அமெரிக்காவில் யாருக்கும் டிரக் வேலை கிடைக்காமல் போவதில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருக்கிற வரிசையில் காரியங்கள் நடந்தால், திறந்திருக்கிற கதவை நாமே சாத்திக்கொண்டது போலாகிவிடும்.

வரும் திங்கட்கிழமை தம்பி, அதாவது உங்கள் மகன், டிரக் ஓட்டக் கற்றுக்கொள்வதற்கான பர்மிட் தேர்வு எழுதப் போகிறார், அதற்குள் டிக்கெட் பணத்தை ஆன்லைனில் கட்டிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள்.

முதலில் பணம் கட்டுவது. டிக்கெட்டுக்குப் பணம் கட்டுவது மின்கட்டணம் கட்டுவது போல அல்ல. கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கணக்கு. நீதிமன்றம் அதைத் தண்டனையாகப் பதிவு செய்து மாநிலத்துக்கு அனுப்பும், தம்பியின் ஓட்டுநர் பதிவேட்டில் அது ஏறும். இரண்டு வருடம் முன்பு 65 மைல் சாலையில் 78-இல் போய் வாங்கிய டிக்கெட்டுக்கு அன்றிரவே கட்டிவிட்டதாகச் சொன்னீர்கள். அது ஏறிவிட்டது, அதை இனி ஒன்றும் செய்ய முடியாது. மூன்று வாரம் முன்பு வாங்கிய இரண்டாவதுதான், அதாவது 65-இல் 84, இன்னும் நம் கையில் இருக்கிறது.

நீங்கள் இருப்பது டெக்சாஸ். அங்கே சாதாரண லைசென்ஸ் வைத்திருப்பவர் டிக்கெட்டில் போட்டிருக்கும் ஆஜராகும் தேதிக்குள் நீதிமன்றத்தில் கேட்டுக்கொண்டால், ஆறு மணி நேரப் பாதுகாப்பு ஓட்டுநர் வகுப்பை முடித்து வழக்கைத் தள்ளுபடி செய்துகொள்ளலாம். கடந்த 12 மாதத்தில் வேறு டிக்கெட்டுக்காக இதே வகுப்பை எடுத்திருக்கக் கூடாது. கையில் காப்பீடு இருக்க வேண்டும். வேக எல்லையைவிட 25 மைலோ அதற்கு மேலோ போயிருக்கக் கூடாது, தம்பி போனது 19. ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்த சாலைப்பணி இடமாகவும் இருக்கக் கூடாது. நீதிமன்றம் அனுமதித்த பிறகு வகுப்பை முடிக்க 90 நாள் கிடைக்கும். நீதிமன்றச் செலவு என்று ஒரு தொகை கட்டத்தான் வேண்டும், அதைப் பார்த்துக் கோபப்படாதீர்கள். வகுப்பு முடித்த குறிப்பு பதிவேட்டில் இருக்கும், தண்டனை என்று இருக்காது. வேலைக்கு எடுப்பவர் பார்வையில் இந்த இரண்டுக்கும் நிறைய தூரம்.

இந்தச் சலுகை வணிக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு இல்லை. சிடிஎல் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். அது வைத்திருப்பவரின் போக்குவரத்துக் குற்றத்தைப் பதிவேட்டில் தெரியாமல் மறைக்கவோ, தள்ளி வைக்கவோ, வகுப்புக்கு அனுப்பிக் கழிக்கவோ எந்த மாநிலமும் விடக்கூடாது என்பது மத்திய அரசின் விதி. அந்த விதியில் சிடிஎல்லோடு கற்றுக்கொள்வதற்கான பர்மிட்டும் சேரும். ஓட்டியது சொந்தக் காரா, டிரக்கா என்ற கேள்வியே அதில் கிடையாது. தம்பி திங்கட்கிழமை பர்மிட்டை வாங்கிக்கொண்டு செவ்வாய்க்கிழமை நீதிமன்றத்தில் போய் வகுப்பு கேட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரே டிக்கெட், ஒரே ஆள். பையில் இருக்கும் அட்டைதான் வேறு.

அதனால் முதலில் நீதிமன்றம், பிறகு வகுப்பு, தள்ளுபடி ஆனதற்கான காகிதம் கைக்கு வந்த பிறகுதான் பர்மிட். தம்பி முகம் சுளிப்பார். அவரிடம் ஒன்றைச் சொல்லுங்கள்: மாநில எல்லையைத் தாண்டிச் சரக்கு ஓட்ட 21 வயது ஆக வேண்டும். 18 முடிந்தவர் டெக்சாசுக்குள் மட்டும்தான் ஓட்டலாம். அவருக்கு 21 ஆக இன்னும் மூன்று மாதம் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். காத்திருப்பதால் பெரிதாக எதுவும் நட்டமில்லை.

சரி, வேலை கொடுப்பவர்கள் என்ன பார்ப்பார்கள்? கடைசி மூன்று வருடப் பதிவேட்டை வாங்கிப் பார்க்க வேண்டும் என்று சட்டமே நிறுவனத்துக்குச் சொல்கிறது. அதற்கு மேல் நிறுவனத்துக்கு நிறுவனம் கணக்கு மாறும். மூன்று வருடத்துக்குள் இரண்டு அல்லது மூன்று ஓட்டுநர் குற்றம் வரை பொறுத்துக்கொள்வோம் என்பது பல இடங்களில் வழக்கம். எல்லையைவிட 15 மைல் தாண்டியதா என்பதைத் தனியாகப் பார்ப்பார்கள், ஏனென்றால் சிடிஎல் விதிகளில் அதுதான் கடுமையான குற்றத்தின் கோடு. முதல் டிக்கெட் 13 மைல். இரண்டாவது தள்ளுபடியாகிவிட்டால் தம்பியின் பதிவேட்டில் இரண்டு வருடப் பழைய, கோட்டுக்குக் கீழே உள்ள ஒரே ஒரு டிக்கெட்தான் நிற்கும். அதற்காக அவரை வேண்டாம் என்று சொல்பவர்கள் குறைவு. இரண்டும் நின்றால் நிலைமை வேறு. அப்போதும் வாய்ப்பு உண்டு, ஆனால் கேட்டுக் கேட்டு அலைய வேண்டியிருக்கும்.

இதில் வெளியில் தெரியாத ஒருவர் இருக்கிறார், காப்பீட்டுக்காரர். ஐந்தாறு டிரக் வைத்திருக்கும் சின்ன நிறுவனத்தின் முதலாளிக்குத் தம்பியைப் பிடித்துப்போகலாம், காப்பீட்டு நிறுவனம் பெயரைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் கதை முடிந்தது. 21 வயது, அனுபவம் இல்லை, அதோடு வேக டிக்கெட் என்ற மூன்றும் சேர்ந்து வருவது அவர்களுக்குப் பிடிக்காது. பெரிய நிறுவனங்களுக்குத் தாங்கும் சக்தி அதிகம், புதியவர்களைப் பயிற்சி கொடுத்து எடுப்பதும் பெரும்பாலும் அவர்கள்தான். தெரிந்தவர் ஒருவர் டிரக் வைத்திருக்கிறார், அவரிடம் சேர்த்துவிடலாம் என்று நினைத்தால் முதலில் அவருடைய காப்பீட்டு ஏஜென்டிடம் கேட்கச் சொல்லுங்கள்.

பயிற்சிப் பள்ளியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2022 பிப்ரவரி 7 முதல், புதிதாக சிடிஎல் எடுப்பவர் மத்திய அரசின் பட்டியலில் பதிவு செய்த இடத்தில் பயிற்சி பெற்ற பிறகுதான் வண்டி ஓட்டிக் காட்டும் தேர்வுக்குப் போக முடியும். சில ஆயிரம் டாலர் செலவாகும். பள்ளிக்காரர் தம்பியின் டிக்கெட்டைப் பற்றிக் கவலைப்பட மாட்டார், பணம் கொடுத்தால் சேர்த்துக்கொள்வார். ஓட்டிப் பழகி லைசென்ஸ் வாங்கிய பிறகு வேலை கொடுக்க ஆள் இல்லை என்றால் அது அவர் பிரச்சினை இல்லை. பணம் கட்டுவதற்கு முன்பே மூன்று நான்கு நிறுவனங்களுக்கு விண்ணப்பித்து, பயிற்சி முடித்தால் உங்களைப் பரிசீலிப்போம் என்ற கடிதத்தைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அதை ப்ரீ-ஹயர் லெட்டர் என்பார்கள். அது வேலைக்கு உறுதி கிடையாது. ஆனாலும் பதிவேட்டைப் பார்த்துவிட்டுக் கொடுத்தது என்பதால் அதற்கு மதிப்பு உண்டு. எல்லோரும் மறுத்தால் அதுவும் உங்கள் பணத்தைக் காப்பாற்றும் செய்திதான்.

அதற்கும் முன்னால் தம்பி தன் பதிவேட்டைத் தானே வாங்கிப் பார்க்கட்டும். டெக்சாஸில் டைப் 3ஏ என்று கேட்டால் முழுப் பதிவேடும் சான்றொப்பத்தோடு வரும், வகுப்புக்காக நீதிமன்றமும் இதையே கேட்கும். நீங்கள் மறந்துபோன ஏதாவது அதில் இருக்கலாம். வேறு மாநிலத்தில் விடுமுறைக்குப் போன இடத்தில் வாங்கி, கட்டாமல் விட்ட டிக்கெட்டை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். டிக்கெட் சின்னதுதான், ஆனால் ஆஜராகாததால் லைசென்ஸ் முடக்கப்பட்டிருக்கும். எந்த மாநிலத்தில் முடக்கம் இருந்தாலும் பர்மிட் கிடைக்காது. வேகத்தைவிட இந்த அலட்சியம்தான் அதிகம் பேரைத் தடுக்கிறது என்பது என் அனுபவம்.

விண்ணப்பத்தில் எதையும் மறைக்க வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு பத்தி தேவையில்லை, நிறுவனம் எப்படியும் பார்க்கப் போகிறது. ஆனால் கேள்வியைச் சரியாகப் படிக்க வேண்டும். மூன்று வருடத்தில் தண்டனையான குற்றங்கள் என்று கேட்கிறார்களா, வாங்கிய டிக்கெட் எல்லாம் என்று கேட்கிறார்களா என்று பாருங்கள். இரண்டாவதாகக் கேட்டால் தள்ளுபடியானதையும், தள்ளுபடி ஆனது என்று குறித்து எழுதிவிட வேண்டும்.

இதுவரை சொன்னது காகித வேலை. இனி நீங்கள் தம்பியிடம் பேச வேண்டியது. 84-இல் ஏன் போனார் என்று கேட்டீர்களா? திட்டுவதற்காகச் சொல்லவில்லை. தாமதமாகிவிட்டது என்பது ஒரு பதில். சாலை காலியாக இருந்தது, பிடித்திருந்தது என்பது வேறு பதில். முழுச் சரக்கோடு 80,000 பவுண்டு எடையில் 65 மைல் வேகத்தில் வரும் டிரக் நிற்க ஏறக்குறைய 525 அடி ஆகும். மைல் கணக்கில் சம்பளம், ஆனால் ஒரு நாளில் 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. பல நிறுவனங்கள் வண்டியின் வேகத்தையே பூட்டி வைத்திருக்கும். மற்ற கார்கள் எல்லாம் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டு நாள் முழுக்கப் பொறுமையாக உட்கார வேண்டிய வேலை இது. அந்தப் பொறுமை அவருக்குப் பிடிக்குமா என்பதை வேலையில் சேர்ந்த பிறகு கண்டுபிடிக்க வேண்டாம்.

சிடிஎல் வந்த பிறகு விளையாட்டும் வேறு. டிரக் ஓட்டும்போது மூன்று வருடத்துக்குள் இரண்டு கடுமையான குற்றம் என்றால் 60 நாள் ஓட்ட முடியாது, மூன்று என்றால் 120 நாள். 15 மைல் தாண்டுவது மட்டுமல்ல, முன்னால் போகும் வண்டியை ஒட்டிப் போவது, தாறுமாறாகத் தடம் மாறுவது, போனைக் கையில் பிடிப்பது எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். ஞாயிற்றுக்கிழமை சொந்தக் காரில் போய் மாட்டினாலும், தண்டனையானால் 30 நாளுக்குள் முதலாளியிடம் எழுத்தில் சொல்ல வேண்டும். மாநில எல்லை தாண்டி ஓட்டப் போகிறவர் என்பதால் இன்னொன்றும்: வர்ஜீனியாவில் வேக எல்லையைவிட 20 மைல் அதிகம் போனாலே அது வெறும் வேக டிக்கெட் அல்ல, கண்மூடித்தனமாக ஓட்டியதாகக் கிரிமினல் வழக்கு. தம்பி போனது 19.

கடைசியாக, நீங்கள் எழுதாமல் விட்டது. உறவினர் கேட்டால் என்ன சொல்வது என்ற சங்கடம் உங்களுக்கு இருக்கிறது. 2023 மே மாத அரசுக் கணக்கில் இந்த நாட்டில் கனரக டிரக் ஓட்டுநரின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 54,320 டாலர். இதைச் சொல்வதால் சங்கடம் போய்விடாது என்பது எனக்குத் தெரியும். வீட்டைவிட்டு வாரக்கணக்கில் இருப்பது, தூக்கம், முதுகுவலி, தனிமை ஆகியவற்றைப் பற்றி நீங்கள் கவலைப்பட்டால் நான் உங்கள் பக்கம். அதைப் பேச தம்பியும் வரட்டும், மூவரும் உட்கார்ந்து பேசலாம்.

இப்போதைக்கு டிக்கெட் காகிதத்தை எடுத்து, ஆஜராக வேண்டிய தேதி எது, எந்த நீதிமன்றம் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். தேதி இந்த வாரத்துக்குள் என்றால் எனக்கு எழுதக் காத்திருக்காமல் தம்பியே நாளைக் காலை அந்த நீதிமன்றத்தைக் கூப்பிட்டு வகுப்புக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று கேட்கட்டும். திங்கட்கிழமை பர்மிட் தேர்வை இன்றே தள்ளிப் போட்டுவிடுங்கள்.